ஆப்ட் 'அன்மெட் டிபென்டன்சிஸ்' என்று நின்றுவிட்டால்: டெபியன், உபுண்டுவுக்கான முழு வழிகாட்டி

டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் கணினியில் ஏதோ ஒரு பேக்கேஜை (மென்பொருள் பொதியை) இன்ஸ்டால் செய்யப் போகிறோம். "தி ஃபாலோயிங் பேக்கேஜஸ் ஹேவ் அன்மெட் டிபென்டன்சிஸ்" என்று சொல்லிவிட்டு, பேக்கேஜ்களை நிறுவும் கருவியான ஆப்ட் நின்றுவிடுகிறது. அந்தப் பேக்கேஜுக்குத் தேவையான வேறு பேக்கேஜ்கள் (டிபென்டன்சிகள்) சரியாக அமையவில்லை என்று பொருள். உடனே அந்த வரியைக் கூகுளில் போட்டு, முதலில் கண்ணில் படும் கட்டளையை டெர்மினலில் ஒட்டுவதுதான் நம்மில் பலருக்கும் பழக்கம். அந்தக் கட்டளை வேறு ஒருவருடைய கணினியில், வேறு ஒரு காரணத்தால் வந்த சிக்கலுக்கு யாரோ சொன்ன மருந்து. நமக்கும் அது பொருந்தினால் அதிர்ஷ்டம். பொருந்தாவிட்டால் ஒரு பேக்கேஜில் இருந்த சிக்கல் முப்பது பேக்கேஜுக்குப் பரவிவிடும்.

இந்தப் பிழையை நான் அணுகும் விதம் இதுதான்: சரிசெய்யும் கட்டளையைத் தட்டுவதற்கு முன், எந்த ரெப்போவிலிருந்து (பேக்கேஜ்கள் இருக்கும் சர்வர் களஞ்சியத்திலிருந்து) எந்தப் பதிப்பு வருகிறது என்று பார்த்துவிட வேண்டும். டிபென்டன்சி பிழை என்று வருபவற்றில் பெரும்பகுதி உண்மையில் ரெப்போ பட்டியலில் இருக்கும் கோளாறு. பேக்கேஜ் மீது பழி விழுகிறது, அவ்வளவுதான்.

கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் வழக்கமான ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். கோடுகள், புள்ளிகள் எல்லாம் அப்படியே.

இரண்டு பேர் செய்யும் வேலை

டெபியன் குடும்பத்தில் பேக்கேஜ் வேலையை இரண்டு கருவிகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. கீழே இருப்பது டிபிகேஜி. கையில் கொடுத்த டெப் கோப்பை (பேக்கேஜ் அடங்கிய கோப்பை)ப் பிரித்து உரிய இடங்களில் வைக்கும். ஒரு டிபென்டன்சி இல்லையென்றால் "இல்லை" என்று சொல்லும். எங்கேயும் போய்த் தேடாது. மேலே இருப்பது ஆப்ட். ரெப்போக்களின் பட்டியலை வைத்துக்கொண்டு எதற்கு எது தேவை என்று கணக்குப் போட்டு, தரவிறக்கி, டிபிகேஜியிடம் ஒப்படைப்பது அதன் வேலை. டெபியனில் ஆப்ட் முறையாக வந்தது 1999இல், 2.1 பதிப்போடு. அதற்கு முன்பு இந்தத் தலைவலியில் பெரும்பங்கைப் பயனரே சுமந்தார்.

ஆப்ட் போடும் கணக்குக்கு மூலம், ஒவ்வொரு பேக்கேஜும் தன் தலைப்பில் எழுதிவைத்திருக்கும் வரிகள். 'டிபென்ட்ஸ்' என்றால் இது இல்லாமல் முடியாது. 'ரெக்கமெண்ட்ஸ்' என்றால் இருந்தால் நல்லது; இல்லாவிட்டாலும் இன்ஸ்டால் ஆகும். 'பிரேக்ஸ்', 'கான்ஃப்ளிக்ட்ஸ்' இரண்டும் இன்னாரோடு சேரமாட்டேன் என்பவை. 'ப்ரொவைட்ஸ்' என்பது அந்தப் பெயரில் கேட்டால் நான் வருகிறேன் என்பது. இந்த ஐந்தும் தெரிந்தால் பிழைச் செய்தியில் முக்கால்வாசி புரிந்துவிடும்.

முதல் படி: வாலைப் படியுங்கள்

பிழைச் செய்தியின் தலை எப்போதும் ஒன்றேதான். செய்தி இருப்பது ஒவ்வொரு வரியின் கடைசியில், 'பட்' என்று தொடங்கும் வாலில். வால்கள் மூன்று வகை.

"பட் இட் இஸ் நாட் இன்ஸ்டாலபிள்" என்று முடிந்தால், அந்தப் பெயரில் ஒரு பேக்கேஜ் உங்கள் ரெப்போக்கள் எதிலும் இல்லை. ரெப்போ முடக்கப்பட்டிருக்கலாம், பெயர் மாறியிருக்கலாம், அல்லது உங்கள் பதிப்பில் அந்தப் பேக்கேஜே கைவிடப்பட்டிருக்கலாம்.

"பட் (ஒரு பதிப்பு எண்) இஸ் டு பி இன்ஸ்டால்டு" என்று முடிந்தால், பேக்கேஜ் இருக்கிறது, பதிப்புதான் ஒத்துவரவில்லை.

"பட் இட் இஸ் நாட் கோயிங் டு பி இன்ஸ்டால்டு" என்று முடிந்தால், பேக்கேஜும் பதிப்பும் இருந்தும் வேறெதோ தடுக்கிறது. இதுதான் எரிச்சலூட்டும் வகை. காரணம் அந்த வரியில் இருக்காது. இன்னும் ஓரிரு அடுக்கு உள்ளே இருக்கும். செய்தியில் பெயர் வந்த அந்த டிபென்டன்சியை மட்டும் தனியாக இன்ஸ்டால் செய்யச் சொல்லிப் பாருங்கள். ஆப்ட் அடுத்த அடுக்கின் காரணத்தைச் சொல்லும். அதையும் தனியாகக் கேளுங்கள். இப்படியே இறங்கினால், ஓர் இடத்தில் மேலே சொன்ன முதல் இரண்டு வால்களில் ஒன்று தென்படும். நோய் அங்கேதான்.

எல்லாவற்றுக்கும் கீழே "யூ ஹேவ் ஹெல்ட் புரோக்கன் பேக்கேஜஸ்" என்று ஒரு வரி வரும். நீங்கள் எதையோ பதிப்பு மாறாமல் பிடித்துவைத்திருப்பதாக ('ஹோல்ட்') அது குற்றம் சாட்டுவதுபோல் இருக்கும். பெரும்பாலும் நீங்கள் எதையும் பிடித்துவைத்திருக்கமாட்டீர்கள்; கணக்கு முடியாதபோதெல்லாம் ஆப்ட் சொல்லும் பொதுவான வசனம் அது. சந்தேகம் தீர 'ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்' தட்டிப் பாருங்கள். பதில் காலியாக வந்தால் அந்த வரியை மறந்துவிடலாம். ஏதாவது பெயர் வந்தால், யார் எதற்காகப் பிடித்துவைத்தார்கள் என்று விசாரித்துவிட்டு 'ஆப்ட்-மார்க் அன்ஹோல்ட்' செய்யுங்கள். அலுவலகச் சர்வர்களில் டேட்டாபேஸ் பதிப்பை வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருப்பார்கள்.

இரண்டாம் படி: பட்டியலைப் புதுப்பித்து, வெளிவருவதைப் படிப்பது

'சூடோ ஆப்ட் அப்டேட்' எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அது ஓடும்போது வரும் 'எர்ர்', 'இக்ன்' வரிகளை யாரும் பார்ப்பதில்லை. ஒரு ரெப்போ 404 (கேட்ட கோப்பு இல்லை) என்று சொன்னால் ஆப்ட் பழைய பட்டியலை வைத்துக்கொண்டே கணக்குப் போடும். சர்வரில் என்றோ நீக்கிய பதிப்பை அது இன்னும் தேடிக்கொண்டிருக்கும்.

டாக்கர் இமேஜ் கட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை: அப்டேட்டை ஒரு 'ரன்' வரியிலும் இன்ஸ்டாலை இன்னொரு 'ரன்' வரியிலும் எழுதினால், முதல் வரி கேஷிலிருந்து வந்துவிடும். சில வாரங்களுக்கு முந்தைய பட்டியலை வைத்து இன்றைய பேக்கேஜைக் கேட்கிறீர்கள் என்று அர்த்தம். இரண்டையும் ஒரே வரியில் சேர்த்து எழுதுங்கள்.

404க்குப் பொதுவான காரணம் ஆயுள் முடிந்த பதிப்பு. உபுண்டுவின் இடைக்காலப் பதிப்புகளுக்கு ஆதரவு 9 மாதம்தான். அதன்பின் பேக்கேஜ்கள் 'ஓல்ட்-ரிலீசஸ்' சர்வருக்குப் போய்விடும். பழைய டெபியன் பதிப்புகள் 'ஆர்க்கைவ்' சர்வருக்குப் போகும். சோர்ஸ் பட்டியலில் முகவரியை மாற்றினால் தற்காலிகமாக வண்டி ஓடும். ஆனால் பாதுகாப்புத் திருத்தம் இனி வராது, அடுத்த பதிப்புக்குப் போகும்வரை மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

சோர்ஸ் பட்டியலைத் திறந்திருக்கும்போதே இன்னும் சிலவற்றைப் பாருங்கள். உபுண்டுவில் 'யூனிவர்ஸ்' பகுதி முடங்கியிருந்தால் ஏராளமான பேக்கேஜ்கள் 'நாட் இன்ஸ்டாலபிள்' ஆகிவிடும். 'சூடோ ஆட்-ஆப்ட்-ரெப்போசிட்டரி யூனிவர்ஸ்' போதும். டெபியனில் இரண்டு மாற்றங்கள் பலரைத் தடுக்கின்றன. 2021இல் வந்த டெபியன் 11இலிருந்து பாதுகாப்பு ரெப்போவின் பெயர் எழுதும் முறை மாறியது: முன்பு 'பஸ்டர்/அப்டேட்ஸ்', இப்போது 'புல்ஸ்ஐ-செக்யூரிட்டி' பாணி (பஸ்டர் டெபியன் 10இன் பெயர், புல்ஸ்ஐ 11இன் பெயர்). பெயரை மட்டும் மாற்றிப்போட்டு அப்கிரேட் செய்பவர்களுக்கு அந்த ஒரு வரி மட்டும் வேலை செய்யாது. அப்புறம், 2023இல் வந்த டெபியன் 12இல் ஃபர்ம்வேர் பேக்கேஜ்கள் 'நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்' என்ற தனிப் பகுதிக்குப் போய்விட்டன. வைஃபை ஃபர்ம்வேர் கிடைக்கவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

உபுண்டு 24.04 முதல் இந்தப் பட்டியல் பழைய '/இடிசி/ஆப்ட்/சோர்சஸ்.லிஸ்ட்' கோப்பில் இருக்காது. 'சோர்சஸ்.லிஸ்ட்.டி' ஃபோல்டருக்குள் 'உபுண்டு.சோர்சஸ்' என்ற கோப்பில், வேறு வடிவத்தில் இருக்கும். பழைய குறிப்புகளைப் பார்த்து இரண்டு இடத்திலும் எழுதிவிடாதீர்கள்.

மூன்றாம் படி: ஆப்ட்-கேஷ் பாலிசி

ஒரே ஒரு கட்டளைதான் நினைவில் நிற்கும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். உதாரணத்தோடு சொல்கிறேன். உபுண்டு 22.04 ('ஜாமி') கணினியில், கம்பைல் செய்யத் தேவையான கருவிகளைத் தரும் 'பில்ட்-எசென்ஷியல்' இன்ஸ்டால் செய்யும்போது அடிக்கடி வரும் பிழை இது:

லிப்சி6-டெவ் : டிபென்ட்ஸ்: லிப்சி6 (= 2.35-0உபுண்டு3) பட் 2.35-0உபுண்டு3.1 இஸ் டு பி இன்ஸ்டால்டு

வால் இரண்டாம் வகை. லிப்சி என்பது சி மொழியின் அடிப்படை லைப்ரரி (பல நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் கோப்பு); டெவ் பேக்கேஜ் அதை வைத்துக் கம்பைல் செய்ய உதவுவது. டெவ் பேக்கேஜுக்குத் துல்லியமாக 3 என்று முடியும் லிப்சி வேண்டும். கணினியில் இருப்பது 3.1. இங்கே 'ஆப்ட்-கேஷ் பாலிசி லிப்சி6' தட்டினால் இப்படி வரும்:

இன்ஸ்டால்டு: 2.35-0உபுண்டு3.1
கேண்டிடேட்: 2.35-0உபுண்டு3.1
வெர்ஷன் டேபிள்:
* 2.35-0உபுண்டு3.1 — 100 — /வார்/லிப்/டிபிகேஜி/ஸ்டேட்டஸ்
2.35-0உபுண்டு3 — 500 — ஜாமி/மெயின்

நட்சத்திரம் போட்ட வரி இப்போது கணினியில் இருக்கும் பதிப்பு. அதன் பக்கத்தில் ஒரே ஓர் இடம்தான் இருக்கிறது: ஸ்டேட்டஸ் கோப்பு. அதாவது, டிபிகேஜியின் சொந்தப் பதிவேடு. இந்தப் பதிப்பைத் தருகிற ரெப்போ ஒன்றுகூட உங்கள் பட்டியலில் இல்லை என்பதுதான் இதன் பொருள். ரெப்போவில் இருப்பதோ அதற்கு முந்தையது. 3.1 எங்கிருந்து வந்திருக்கும்? 'ஜாமி-அப்டேட்ஸ்' அல்லது 'ஜாமி-செக்யூரிட்டி'யிலிருந்து. அந்த வரிகளை யாரோ பிறகு நீக்கியிருக்கிறார்கள், அல்லது நிறுவிய ஐஎஸ்ஓவிலேயே புதிய பதிப்பு இருந்திருக்கிறது.

தீர்வு: அந்த இரண்டு வரிகளையும் பட்டியலில் திரும்பச் சேர்த்து, அப்டேட் செய்து, மறுபடி இன்ஸ்டால் செய்வது. டெவ் பேக்கேஜின் புதிய பதிப்பும் அங்கேயே இருக்கும், இரண்டும் ஒத்துப்போகும். இதே பிழைக்கு லிப்சியைப் பழைய பதிப்புக்கு இறக்கச் சொல்லும் பதில்கள் இணையத்தில் நிறைய உண்டு. தயவுசெய்து வேண்டாம். கணினியில் ஓடும் ஏறக்குறைய எல்லா நிரலும் சாய்ந்து நிற்கும் தூண் அது. இறக்கினால் பாதுகாப்புத் திருத்தத்தையும் இழப்பீர்கள், அடுத்த இன்ஸ்டாலில் இதே பிழை வேறு பெயரில் வரும்.

பக்கத்தில் இருக்கும் எண்கள் முன்னுரிமை. சாதாரண ரெப்போவுக்கு 500, இன்ஸ்டால் ஆகியிருப்பதற்கு 100. ஆயிரத்துக்கு மேல் ஏதாவது எண் தெரிந்தால் 'ப்ரிஃபரன்சஸ்.டி' ஃபோல்டரில் யாரோ 'பின்' (ஒரு பதிப்பைக் கட்டாயப்படுத்தும் விதி) எழுதியிருக்கிறார்கள். 'கேண்டிடேட்: (நன்)' என்று வந்தால், பெயர் தெரிகிறது, இன்ஸ்டால் செய்யத் தக்க பதிப்பு கிடைக்கவில்லை.

பெயர் மாறிய பேக்கேஜ்கள்

உபுண்டு 24.04, டெபியன் 13 இரண்டிலும் புதிதாகக் கிளம்பிய தொல்லை இது. 32 பிட் நேரக் கணக்கு 2038 ஜனவரி 19 அன்று நிரம்பி வழியும். அதைத் தவிர்க்க நூற்றுக்கணக்கான லைப்ரரிகளை 64 பிட் நேரத்துக்கு மாற்றினார்கள். மாறியவற்றின் பெயரில் 'டி64' என்ற ஒட்டு சேர்ந்தது. லிப்எஸ்எஸ்எல்3 இப்போது லிப்எஸ்எஸ்எல்3டி64. லிப்அசவுண்ட்2 இப்போது லிப்அசவுண்ட்2டி64. நம் 64 பிட் கணினிகளில் நேரக் கணக்கு ஏற்கெனவே 64 பிட்தான் என்றாலும் பெயர் மட்டும் எல்லா இடத்திலும் மாறிவிட்டது.

பழைய பெயரில் கேட்டால் புதியது 'ப்ரொவைட்ஸ்' மூலம் வந்து நிற்கும். அதனால் பல டெப் கோப்புகள் சத்தமில்லாமல் இன்ஸ்டால் ஆகும். சிக்கல் வருவது நிறுவும் ஸ்கிரிப்ட்களில். 24.04இல் 'ஆப்ட் இன்ஸ்டால் லிப்அசவுண்ட்2' என்று நேரடியாகக் கேட்டால் "இது விர்ச்சுவல் பேக்கேஜ், தருபவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடு" என்று மறுத்துவிடும். ஸ்கிரிப்டில் பெயரோடு டி64 சேர்த்துவிட்டால் முடிந்தது.

குறியாக்க மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எல்லின் பழைய லைப்ரரி லிப்எஸ்எஸ்எல்1.1இன் கதை வேறு. உபுண்டு 22.04 வந்தபோது ஓபன்எஸ்எஸ்எல் 3க்குத் தாவிவிட்டது, 1.1 ரெப்போவிலேயே இல்லை. 20.04இன் ரெப்போவிலிருந்து அந்த டெப் கோப்பை எடுத்துப் போட்டால் வேலை செய்யும், உண்மைதான். ஆனால் உங்கள் ரெப்போவில் இல்லாத பேக்கேஜுக்கு உங்கள் அப்டேட்டில் திருத்தம் வராது. ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1க்கான பொது ஆதரவும் 2023 செப்டம்பரில் முடிந்துவிட்டது. மென்பொருள் தருபவரிடம் புதிய பதிப்பு கேளுங்கள். அதுவரை ஓட்டியே ஆகவேண்டுமென்றால் 20.04 கன்டெய்னருக்குள் (டாக்கர் போன்ற தனித்த சூழலுக்குள்) ஓட்டுங்கள்.

லிப்எஸ்எஸ்எல் 3க்கு 1.1 என்ற பெயரில் சிம்லிங்க் (வேறு பெயரிலிருந்து அதே கோப்பைக் காட்டும் இணைப்பு) போடும் யோசனையும் சுற்றிக்கொண்டிருக்கிறது. கோப்புப் பெயரின் கடைசி எண் மாறியிருந்தால் உள்ளே இருக்கும் ஃபங்ஷன்களின் ஒப்பந்தமே மாறிவிட்டது என்று பொருள். பெயரை மாற்றி ஏமாற்றினால் நிரல் தொடங்கும்போதே விழும், அல்லது நடுவில் விழும்.

தரவிறக்கிய டெப் கோப்பு

'டிபிகேஜி -ஐ' மூலம் டெப் கோப்பைப் போட்டு, டிபென்டன்சி இல்லாமல் பாதியில் நின்றால், அந்தப் பேக்கேஜ் பிரிக்கப்பட்டு, அமைக்கப்படாமல் தொங்கும். அதன்பின் சம்பந்தமே இல்லாத பேக்கேஜைக் கேட்டாலும் ஆப்ட் 'ஃபிக்ஸ்-புரோக்கன் செய்' என்றே சொல்லும். எனவே முதலிலிருந்தே 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ./கோப்பு.டெப்' என்று தட்டுங்கள். முன்னால் இருக்கும் புள்ளியும் சாய்கோடும் முக்கியம், அவை இல்லாவிட்டால் ரெப்போவில் தேடப் போய்விடும். இப்படிக் கேட்டால் டிபென்டன்சிகளையும் ஆப்டே கொண்டுவரும். முடியாவிட்டால் எதையும் தொடாமல் நிற்கும்.

ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தால்:

சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்

இதற்கு இரண்டே வழி தெரியும். இல்லாததைக் கொண்டுவரும், முடியாவிட்டால் தொங்குவதை நீக்கிவிடும். ஆகவே 'ஒய்' அழுத்துவதற்கு முன் "வில் பி ரிமூவ்டு" என்ற தலைப்பின் கீழ் வருவதைப் படியுங்கள். நீங்கள் போட்ட ஒரே ஒரு பேக்கேஜ் இருந்தால் சரி. டெஸ்க்டாப், நெட்வொர்க், பைதான் என்று பட்டியல் நீண்டால் 'என்' அழுத்திவிட்டு மூன்றாம் படிக்குத் திரும்புங்கள். இந்தக் கட்டளைகளோடு '-ஒய்' சேர்த்து எழுதும் குறிப்புகளை நான் நம்புவதில்லை. படிக்க வேண்டிய ஒரே பக்கத்தைக் கிழித்துப் போடச் சொல்வது அது.

2021இல், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட பாப் ஓஎஸ்ஸில் ஸ்டீம் (விளையாட்டுச் செயலி) இன்ஸ்டால் செய்யப்போன ஒரு பிரபல யூடியூபருக்கு நடந்தது பலருக்கு நினைவிருக்கும். ரெப்போவில் இருந்த டிபென்டன்சி முரணால், டெஸ்க்டாப்பையே நீக்கப்போவதாக ஆப்ட் எச்சரித்தது. உறுதிப்படுத்த ஒரு முழு வாக்கியத்தைத் தட்டச் சொன்னது. அவர் தட்டினார், டெஸ்க்டாப் போனது. அதன்பின் ஆப்ட் இந்த வழியை இறுக்கிவிட்டது. ஆனால் அத்தியாவசியம் என்று குறிக்கப்படாத பேக்கேஜ்களுக்கு அந்தக் காவல் இல்லை. கை நடுங்கினால் கட்டளையோடு '-எஸ்' சேர்த்துத் தட்டுங்கள்: எதையும் செய்யாமல் என்ன செய்யப்போகிறது என்பதை மட்டும் காட்டும்.

"டிபென்டன்சி ப்ராப்ளம்ஸ் ப்ரிவென்ட் கான்ஃபிகரேஷன்" என்று வரிசையாகப் பத்துப் பேக்கேஜ் விழுந்தால், திரையில் மேலே ஏறி முதலில் விழுந்தது எது என்று பாருங்கள். மற்ற ஒன்பதும் அதன் மேல் நின்றவை. முதலாவது விழுந்த காரணம் பெரும்பாலும் டிபென்டன்சியாகவே இருக்காது: பூட் பார்ட்டிஷன் நிரம்பியிருக்கும், ஒரு சர்வீஸ் தொடங்க மறுத்திருக்கும். 'டிஎஃப் -ஹெச்' பார்த்து, காரணத்தைச் சரிசெய்துவிட்டு 'சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ' தட்டினால் பத்தும் எழுந்து நிற்கும்.

கலந்துபோன ரெப்போக்கள்

வெளி ரெப்போ, பிபிஏ (உபுண்டுவுக்குத் தனிநபர்கள் நடத்தும் ரெப்போ) என்று சேர்த்துக்கொண்டே போன கணினிகளில், பதிப்பு மாற்றத்துக்குப் பிறகு இது வெடிக்கும். உபுண்டு அப்கிரேட் செய்யும்போது வெளி ரெப்போக்களை முடக்கிவிடும். அவை தந்த பேக்கேஜ்கள் மட்டும் உள்ளேயே நிற்கும். பதிப்பு எண்ணில் அவை அதிகாரபூர்வப் பதிப்பைவிடப் பெரியவை. ஆப்ட் தானாகக் கீழே இறங்காது. இந்த அநாதைகளைக் கண்டுபிடிக்க:

ஆப்ட் லிஸ்ட் '?அப்சலீட்'

இதில் வருபவை எந்த ரெப்போவிலும் இல்லாதவை. பிபிஏ வழி வந்தவை என்று தெரிந்தால் 'பிபிஏ-பர்ஜ்' கருவி அவற்றை உபுண்டுவின் சொந்தப் பதிப்புக்குத் திருப்பும். டெபியன் ஸ்டேபிளில் ஒரே ஒரு புதிய பேக்கேஜுக்காக உபுண்டு ரெப்போவையோ டெபியன் டெஸ்டிங்கையோ சேர்ப்பதும் இதே வகைதான். டெபியன்காரர்கள் அதற்கு 'ஃபிராங்கன்டெபியன்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அதிகாரபூர்வ பேக்போர்ட்ஸில் (ஸ்டேபிளுக்காகத் தயாரித்த புதிய பதிப்புகளின் ரெப்போவில்) இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் ஃபிளாட்பேக் (தேவையான லைப்ரரிகளைத் தனியாகக் கொண்டுவரும் பொதி முறை) அல்லது கன்டெய்னர்.

வைன் (விண்டோஸ் நிரல்களை ஓட்டுவது), ஸ்டீம் போன்றவற்றுக்கு 32 பிட் லைப்ரரிகள் வேண்டும்: 'சூடோ டிபிகேஜி --ஆட்-ஆர்க்கிடெக்சர் ஐ386', பிறகு அப்டேட். ஒரே லைப்ரரியின் 32 பிட், 64 பிட் பேக்கேஜ்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டுமானால் இரண்டின் பதிப்பும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பிபிஏ ஒன்று 64 பிட்டை மட்டும் உயர்த்தியிருந்தால் 32 பிட் உள்ளே வராது. இந்தக் காரணத்தைப் பிழைச் செய்தி நேரடியாகச் சொல்லாது. பாலிசியில் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

எதுவும் பிடிபடாவிட்டால் 'ஆப்டிட்யூட்' இன்ஸ்டால் செய்து, 'ஆப்டிட்யூட் ஒய்-நாட் பேக்கேஜ்பெயர்' கேளுங்கள். ஏன் முடியாது என்ற சங்கிலியை மேலிருந்து கீழ்வரை காட்டும்.

இன்ஸ்டால் ஆகிறது, ஓடவில்லை

"எர்ரர் வைல் லோடிங் ஷேர்டு லைப்ரரிஸ்" என்பது ஆப்ட் சொல்வதல்ல, நிரல் ஓடும்போது வருவது. 'எல்டிடி' கட்டளைக்கு அந்த நிரலின் பாதையைக் கொடுத்தால், கிடைக்காத லைப்ரரிக்கு நேராக 'நாட் ஃபவுண்ட்' என்றிருக்கும். 'ஆப்ட்-ஃபைல்' கருவியை இன்ஸ்டால் செய்து, 'ஆப்ட்-ஃபைல் அப்டேட்' முடித்து, 'ஆப்ட்-ஃபைல் சர்ச்' மூலம் அந்தக் கோப்புப் பெயரைத் தேடினால் எந்தப் பேக்கேஜ் தருகிறது என்று தெரிந்துவிடும். சோர்ஸிலிருந்து கம்பைல் செய்யும்போது ஹெடர் கோப்பு இல்லை என்று வந்தாலும் இதே வழிதான். அப்போது கிடைக்கும் பேக்கேஜின் பெயர் பெரும்பாலும் '-டெவ்' என்று முடியும்.

நீங்களே கம்பைல் செய்து '/யூஎஸ்ஆர்/லோக்கல்' ஃபோல்டரில் வைத்த லைப்ரரியை ஆப்ட் கணக்கில் எடுக்காது. அதன் கண்ணுக்கு டிபிகேஜியின் பதிவேடு மட்டுமே உலகம். 'ஈக்விவ்ஸ்' மூலம் அந்தப் பெயரில் ஒரு வெற்றுப் பேக்கேஜ் செய்து கணக்கைச் சமாளிக்கலாம். ஸ்டேட்டஸ் கோப்பை எடிட்டரில் திறந்து டிபென்ட்ஸ் வரியை அழிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

ஃபெடோரா, ரெட் ஹேட் பக்கம் இருப்பவர்களுக்கு இதே பிழை "நத்திங் ப்ரொவைட்ஸ்" என்று வரும். ரெட் ஹேட் வகை 9ஆம் பதிப்புகளில் ஈபெல் (கூடுதல் பேக்கேஜ்களின் ரெப்போ) பேக்கேஜ் ஒன்று இப்படி அடம்பிடித்தால், முதலில் சிஆர்பி என்ற துணை ரெப்போ இயங்குகிறதா என்று பாருங்கள். ஈபெல் அதை நம்பித்தான் கட்டப்பட்டிருக்கிறது.

யாரிடமாவது கேட்பதென்றால்

பிழையின் கடைசி இரண்டு வரியைப் படம்பிடித்து அனுப்பினால் எவராலும் ஊகிக்கத்தான் முடியும். முழுப் பிழைச் செய்தி, 'ஆப்ட் அப்டேட்' வெளியீடு, சிக்கலில் இருக்கும் இரண்டு பேக்கேஜ்களின் 'பாலிசி' வெளியீடு, 'சோர்சஸ்' கோப்புகளின் உள்ளடக்கம், '/வார்/லாக்/ஆப்ட்/ஹிஸ்டரி.லாக்' கோப்பின் கடைசிப் பகுதி ஆகியவற்றை எழுத்தாகவே ஒட்டுங்கள். ஹிஸ்டரி லாகில் எந்தத் தேதியில் எந்தக் கட்டளை எதை ஏற்றி எதை நீக்கியது என்பது இருக்கும். "நான் ஒன்றுமே செய்யவில்லை" என்று எழுதுவதற்கு முன் அதை ஒருமுறை நீங்களும் பார்த்துவிடுவது நல்லது.